இன்றைய சீருடை என்ன?

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அணிவகுப்புக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, விடுதித் தாழ்வாரத்தில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு முதலாண்டு மாணவர் விறைப்பாக வந்து நிற்பார். நின்று, தொண்டை கிழியக் கத்துவார். இன்னும் எத்தனை நிமிடம் இருக்கிறது, எதற்காகக் கூடுகிறோம், இன்றைய சீருடை என்ன. இவ்வளவுதான் செய்தி. சிறிது நேரம் கழித்து எண்ணிக்கையை மட்டும் குறைத்து மறுபடியும் அதையே கத்துவார். கதவுகளுக்குப் பின்னால் மற்றவர்கள் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அங்கே சீருடை என்பது ஒன்றல்ல. வகுப்புக்கு ஒன்று, அணிவகுப்புக்கு ஒன்று, உடற்பயிற்சிக்கு ஒன்று, களப்பயிற்சிக்கு ஒன்று. ஒரே மேல்கோட்டுக்குக் கீழே கோடையில் வெள்ளைக் கால்சட்டை, குளிரில் சாம்பல் கால்சட்டை. எதை எதனோடு சேர்த்துப் போடுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுவதில்லை, தினமும் மேலிருந்து சொல்லப்படும். சட்டையின் பொத்தான் பட்டை, பெல்ட் பக்கிளின் விளிம்பு, கால்சட்டையின் முன்மடிப்பு மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சலவையிலிருந்து வரும் வெள்ளைக் கால்சட்டையில் கஞ்சி அவ்வளவு கெட்டியாக இருக்கும். காலை உள்ளே விடுவதற்கே பலத்தைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு ‘கஞ்சியை உடைப்பது’ என்று மாணவர்கள் பெயரே வைத்திருந்தார்கள்.

நான் ராணுவ ஆர்வலன் இல்லை. யுலிசிஸ் கிராண்டின் சுயசரிதையைப் படிக்கப்போய் இந்தச் சீருடை விஷயத்தில் மாட்டிக்கொண்டவன். உள்நாட்டுப் போரை வென்றுகொடுத்த தளபதி, பிறகு இரண்டு முறை ஜனாதிபதி. அவ்வளவு பெரிய ஆள், சின்ன வயதில் தான் போட்ட ஒரு உடுப்பின் மீதான கசப்பை வயோதிகத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். ஒரு துணி எப்படி ஒருவரை இவ்வளவு காலம் துரத்தும்? இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தேன்.

சாம்பல் நிறம் எப்படி வந்தது

வெஸ்ட் பாயின்ட் 1802-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்க ராணுவத்தின் நிறம் நீலம். அப்படியிருக்க மாணவர்களுக்கு மட்டும் ஏன் சாம்பல் நிறம்?

கல்லூரிக்குள் சொல்லப்படும் கதை வீரக்கதை. 1812-இல் பிரிட்டனோடு தொடங்கிய போரில், 1814 ஜூலை 5 அன்று நயாகரா ஆற்றின் கனடாப் பக்கத்தில் சிப்பாவா என்னும் இடத்தில் ஒரு சண்டை. வின்ஃபீல்ட் ஸ்காட் என்ற இளம் தளபதியின் படைக்கு நீலத் துணி கிடைக்கவில்லை. கிடைத்த சாம்பல் துணியில் சட்டை தைத்துக் கொடுத்துவிட்டார்கள். எதிரில் நின்ற பிரிட்டிஷ் தளபதி ரியால் அதைப் பார்த்து, ஏதோ உள்ளூரில் திரட்டிய கூட்டம் என்று நினைத்தார். குண்டுமழைக்கு நடுவிலும் அந்த வரிசை கலையாமல் முன்னேறி வந்ததும், ‘அடடா, இவர்கள் முறையான சிப்பாய்களாச்சே’ என்று பதறினாராம். அந்தச் சாம்பல் படையின் நினைவாகத்தான் 1816-இல் மாணவர்களுக்கும் அதே நிறம் கொடுக்கப்பட்டது என்பார்கள்.

ரியால் அப்படிச் சொன்னார் என்பதற்குச் சாட்சி ஸ்காட்தான். அதுவும் பல வருடங்கள் கழித்து, தன் சுயசரிதையில். ஜெயித்தவரே எழுதிவைத்த பாராட்டு. இன்னொரு காரணமும் உண்டு, அது ரொம்பச் சாதாரணமானது. சாம்பல் துணி நீலத் துணியைவிட மலிவு. அப்போது கல்லூரிக்குப் பொறுப்பாக இருந்த ஜோசப் ஸ்விஃப்ட் மாணவர்களின் பணவசதியை மனதில் வைத்து அந்தத் துணியை ஆதரித்தார்.

எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் பிடித்திருக்கிறது. வீரக்கதையைவிட இதில் கௌரவம் அதிகம் என்று தோன்றுகிறது. ஏழை வீட்டுப் பையனாலும் வாங்க முடிகிற துணி எது என்று ஒருவர் யோசித்திருக்கிறார்.

தேயரின் கணக்குப் புத்தகம்

அந்த யோசனையை ஒரு முழு அமைப்பாக ஆக்கியவர் சில்வனஸ் தேயர். 1817 முதல் 1833 வரை கல்லூரியை நடத்தியவர். அதற்கு முன் பிரான்ஸுக்குப் போய், அங்கே பொறியியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். அமெரிக்காவின் முதல் பொறியியல் கல்லூரி வெஸ்ட் பாயின்ட்தான். பொறியியல் படித்த எவரும் தேயரின் முறையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தினமும் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேள்வி, தினமும் மதிப்பெண், எல்லாவற்றையும் கூட்டிக் கடைசியில் ஒரு தரவரிசை.

அவருடைய விதிகளில் முக்கியமானது பணம் பற்றியது. வீட்டிலிருந்து பணம் வாங்கக் கூடாது. மாதச் சம்பளம் 16 டாலர், உணவுப் படியோடு சேர்த்து 28 டாலர். அதுவும் கைக்கு வராது, கணக்கில் ஏறும். கோட்டு, காலணி, சோப்பு எது வாங்கினாலும் அந்தக் கணக்கில் கழியும். பெரிய தோட்டமுதலாளியின் மகனுக்கும் தோல் பதனிடுபவரின் மகனுக்கும் ஒரே துணி, ஒரே பொத்தான், ஒரே 28 டாலர். ஐரோப்பாவின் பல படைகளில் அதிகாரிப் பதவி என்றாலே பெரிய குடும்பம் என்று இருந்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

துணி ஒரே மாதிரி இருந்தால் போதாது, அது ஒரே மாதிரி உடுத்தப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கரும்புள்ளிகள். பொத்தான் அவிழ்ந்திருந்தால் புள்ளி, காலணி மங்கியிருந்தால் புள்ளி, வரிசைக்குத் தாமதமாக வந்தால் புள்ளி. ஒரே வருடத்தில் 200 சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குக் கீழே நின்றாலும் தப்பிக்க முடியாது, புள்ளிகள் தரவரிசையில் இறங்கும். எந்தப் படைப்பிரிவு கிடைக்கும் என்பதைத் தரவரிசைதான் தீர்மானிக்கும். அதாவது, கணக்கில் நீங்கள் எவ்வளவு கெட்டி என்பதும் உங்கள் பொத்தான் எப்படி இருந்தது என்பதும் கடைசியில் ஒரே எண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் தனியார் பொறியியல் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நான் படித்த கல்லூரியிலும் காலையில் வாசலில் ஒருவர் நிற்பார். சட்டை உள்ளே விட்டிருக்கா, ஷூ போட்டிருக்கா, ஐடி கார்டு கழுத்தில் இருக்கா, தாடி எவ்வளவு. நான்கு வருடமும் தினமும் சோதனை நடந்தது. எட்டு செமஸ்டரில் நாங்கள் எழுதிய ஒரு புரோகிராமையாவது அவ்வளவு கவனமாக யாரும் படித்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது நான் செய்யும் வேலையிலும் இது நடக்கிறது. நாங்கள் எழுதும் கோடைச் சரிபார்க்க லின்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. இடைவெளி சரியா, பெயர் வைத்த முறை சரியா, வரி நீளம் சரியா என்று பார்க்கும். நல்ல கருவிதான், அது இல்லாமல் இருபது பேர் சேர்ந்து ஒரு கோடை எழுத முடியாது. ஆனால் அந்த கோடு செய்யும் வேலை சரிதானா என்று அதற்குத் தெரியாது. எல்லாப் பச்சை விளக்கும் எரிய, வாடிக்கையாளரின் கணக்கில் பணத்தைத் தப்பாகக் கழிக்கும் புரோகிராமையும் எழுதலாம். தேயரின் கரும்புள்ளிகளை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை அவை மிகத் துல்லியமாக அளந்தன.

பூஜ்யம், நடுத்தரம், 726

ராபர்ட் ஈ. லீ 1829-இல் பட்டம் பெற்றார். 46 பேரில் இரண்டாவது. நான்கு வருடத்தில் வாங்கிய கரும்புள்ளி: பூஜ்யம். ஒரு பொத்தான்கூட, ஒரு நாள்கூட. பிறகு 1852 முதல் 1855 வரை அதே கல்லூரிக்குத் தலைமை அதிகாரியாகவும் இருந்தார்.

யுலிசிஸ் கிராண்ட் 1839-இல் சேர்ந்தார். அப்பா சொன்னதால் வந்தவர். அந்தக் கல்லூரியையே மூடிவிடலாமா என்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, மூடிவிட்டால் நல்லது என்று ஆசையோடு செய்தித்தாள் பார்த்ததாக அவரே எழுதுகிறார். சேர்ந்த புதிதில் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் சீருடையைக் கேலி செய்கிறார். கால்சட்டை மரத்தோடு பட்டை ஒட்டியதுபோல் உடம்போடு ஒட்டியிருக்கிறதாம், வேகமாகக் குனிந்தால் துப்பாக்கி வெடித்த சத்தத்தோடு கிழிந்துவிடுமாம். கோட்டை மோவாய் வரை பூட்ட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இது மீனா மிருகமா என்றுதான் கேட்பாய் என்கிறார். 39 பேரில் 21-ஆவதாக வெளியே வந்தார். மூன்றாம் ஆண்டில் சார்ஜன்ட் பட்டை கொடுத்தார்கள், கடைசி வருடம் சாதாரண சிப்பாய் மாணவராகவே கழிந்தது.

கசப்பு அதற்குப் பிறகு நடந்தது. பட்டம் பெற்ற கிராண்டுக்குப் புது அதிகாரி உடுப்பு தைத்து வந்தது. ஊரார் பார்க்கட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டு சின்சினாட்டியில் குதிரையில் போகிறார். செருப்பில்லாத, கிழிந்த கால்சட்டை போட்ட ஒரு சின்னப் பையன், சிப்பாய்க்கு உழைக்கத் தெரியுமா என்கிற மாதிரி நக்கல் பாட்டுப் பாடுகிறான். சொந்த ஊருக்குப் போனால் அங்கே எதிர்வீட்டு லாயக்காரர், குடிகாரர், வெளிர்நீலக் கால்சட்டையின் ஓரத்தில் வெள்ளைத் துணிப் பட்டை தைத்துக்கொண்டு இவரைப் போலவே தெருவில் நடந்து காட்டுகிறார். ஊரே சிரிக்கிறது. அன்று சீருடை மேல் வந்த வெறுப்பு தன்னை விட்டுப் போகவே இல்லை என்கிறார் கிராண்ட்.

மூன்றாவது ஆள் ஜார்ஜ் கஸ்டர். 1861-இல் 34 பேரில் 34-ஆவது. மொத்தக் கரும்புள்ளி 726. கல்லூரியில் சொன்ன உடுப்பை ஒழுங்காகப் போடாதவர், 1863-இல் 23 வயதில் ஜெனரல் ஆனதும் தனக்குத் தானே ஒன்றை உருவாக்கிக்கொண்டார். கறுப்பு வெல்வெட், கையெல்லாம் தங்கப் பின்னல்.

1861-இல் நாடு இரண்டாகப் பிரிந்து போர் வந்தது. சுமார் 300 வெஸ்ட் பாயின்ட் பட்டதாரிகள் தெற்குப் பக்கம் போனார்கள். போரின் 60 பெரிய சண்டைகளில் 55-இல் இரண்டு பக்கமும் தலைமை தாங்கியவர்கள் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். தெற்குப் படையின் சீருடை விதிகளில் கோட்டின் நிறத்துக்கு எழுதப்பட்ட பெயர், ‘கேடட் சாம்பல்’. மலிவு என்று மாணவர்களுக்குக் கொடுத்த அதே நிறம், இப்போது அந்த மாணவர்களைப் படிக்க வைத்த நாட்டுக்கு எதிராக நின்றது. லீ 1861 ஏப்ரல் 20 அன்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டு அந்தச் சாம்பலுக்குப் போனார்.

நான்கு வருடம் ஒரு பொத்தான் தவறாத மனிதர், தான் உறுதிமொழி கொடுத்த அரசுக்கு எதிராக, அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன மாநிலங்களுக்காக வாளெடுத்தார். கரும்புள்ளிப் புத்தகத்தில் அதற்கான கட்டம் இல்லை. லீயின் முடிவைப் பற்றி லட்சம் பக்கம் எழுதியிருக்கிறார்கள், சொந்த மண், குடும்பம், வர்ஜீனியா என்று. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. ஒன்றுதான் சொல்ல வருகிறேன்: கீழ்ப்படிதலுக்கும் விசுவாசத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தப் பூஜ்யத்தால் காட்ட முடியவில்லை.

1865 ஏப்ரல் 9, அப்போமாட்டக்ஸ் என்னும் சின்ன ஊரில் மெக்லீன் என்பவரின் வீட்டு முன்னறை. லீ சரணடைய வருகிறார். புத்தம் புதிய முழுச் சீருடை, இடுப்பில் பட்டு, அழகான வாள். கிராண்ட் உள்ளே வருகிறார். சாதாரணச் சிப்பாயின் மேல்சட்டை, அதன் தோளில் மட்டும் ஜெனரலின் பட்டை. வாள் இல்லை, பூட்ஸெல்லாம் சேறு. ஆறடி உயரத்தில் மிடுக்காக நின்ற லீக்கு முன்னால் தான் விநோதமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று கிராண்ட் எழுதுகிறார். ஆனால் அந்த நேரத்தில் அது மனதில் படவே இல்லை, பிறகுதான் தோன்றியதாம். அவர் கொடுத்த நிபந்தனைகள் இரக்கமானவை. வீரர்கள் வீட்டுக்குப் போகலாம், உழவுக்கு அவர்களுடைய குதிரைகளையும் கொண்டுபோகலாம். வெல்வெட் கஸ்டரும் அன்று அந்த ஊரில்தான் இருந்தார். கிராண்ட் எழுதிய மேஜையை விலைகொடுத்து வாங்கிய ஷெரிடன், அதைக் கஸ்டரின் மனைவிக்குப் பரிசாக அனுப்பினார்.

சேறு பூட்ஸ் நல்லவன், பளபளப்பு கெட்டவன் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. கிராண்டின் ஜனாதிபதிக் காலம் ஊழல்களால் நாறியது. 726 புள்ளிகளும் கஸ்டரைச் சுதந்திர ஆத்மாவாக ஆக்கிவிடவில்லை. 1876-இல் லிட்டில் பிக்ஹார்னில் அவர் எடுத்த அவசர முடிவு, அவரோடு போன பிரிவையே அழித்தது. உடுப்புக்கும் மனிதருக்கும் தொடர்பு இருக்கிறது என்று விதி எழுதியவர்கள் நம்பினார்கள். தொடர்பே இல்லை என்று அதைத் தலைகீழாக்கினால் அதுவும் அதே அளவு சோம்பேறித்தனம்தான்.

ஒரே துணிக்குள் இரண்டு பேர்

தேயரின் அமைப்பு கொடுத்த வாக்குறுதி சமத்துவம். அது எங்கே நின்றுபோனது என்பதைக் காட்டியவர்கள் போருக்குப் பிறகு வந்தார்கள்.

ஹென்றி ஃப்ளிப்பர் 1856-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1873-இல் வெஸ்ட் பாயின்டில் சேர்ந்தார். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே சாம்பல் கோட்டு, அதே பொத்தான்கள். யாரும் அவரோடு பேசவில்லை. விதிப்படி பேச வேண்டியதைத் தவிர வேறு எதுவும் இல்லை. 1877-இல் அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 76 பேரில் 50-ஆவது. அடுத்த வருடமே தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஜான்சன் விட்டேக்கர் இன்னும் மோசமாக அடிபட்டார். 1880 ஏப்ரல் 6 காலை அணிவகுப்பில் அவருடைய இடம் காலி. போய்ப் பார்த்தால் கட்டிலோடு கட்டிப்போடப்பட்டு, காது வெட்டுப்பட்டு, ரத்தத்தில் கிடக்கிறார். கல்லூரி என்ன முடிவுக்கு வந்தது? தன்னைத் தானே கட்டிக்கொண்டு நாடகமாடினார் என்று. ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது, 1882-இல் ஜனாதிபதி அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தார். ஆனால் ஒரு தேர்வில் தேறவில்லை என்று சொல்லி அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவருக்குரிய அதிகாரிப் பதவி 1995-இல் அவருடைய சந்ததியின் கையில் கொடுக்கப்பட்டது.

ஃப்ளிப்பரும் அதே 1882-இல், நடத்தை சரியில்லை என்று ராணுவத்திலிருந்து நீக்கப்பட்டார். ஜனாதிபதியின் மன்னிப்பு 1999-இல் வந்தது. அவர் இறந்து 59 வருடங்கள் கழித்து.

1932-இல் சேர்ந்த பெஞ்சமின் டேவிஸ் நான்கு வருடமும் தனி அறையில் தனியாக இருந்தார். சாப்பாட்டு மேஜையிலும் பேச்சு இல்லை. தாழ்வாரத்தில் நிமிடம் கத்தும் குரல் அவருக்கும் சேர்த்துத்தான் கத்தியது. என்ன உடுத்த வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்கள், எப்படி இருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. 276 பேரில் 35-ஆவதாகத் தேறினார். இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானிகளுக்குத் தலைமை தாங்கினார், ஜெனரல் ஆனார். 2017-இல் வெஸ்ட் பாயின்ட் ஒரு புது விடுதிக்கு அவர் பெயரை வைத்தது. பேச ஆளில்லாமல் இருந்தவரின் பெயரில் ஒரு விடுதி.

ஒரே துணி கொடுத்தால் வேற்றுமை மறையும் என்பது அரை உண்மை. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வேற்றுமையைத் துணியால் மூட முடிந்தது. முகத்தின் நிறத்தை மூட முடியவில்லை. இங்கே பள்ளிச் சீருடை பற்றிப் பேசும்போதும் நாம் அந்த அரை உண்மையோடு நின்றுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். சீருடை அவசியம்தான். வகுப்பில் யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் தண்ணீர் பாட்டிலை யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்பது வேறு கணக்கு.

விதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது

1976-இல் முதல் முறையாக 119 பெண்கள் சேர்ந்தார்கள். சீருடை விதிகள் முதன்முறையாகத் திணறின. ஆண்களின் முழு அலங்காரக் கோட்டில் பின்பக்கம் வால்போல நீளும் பகுதி உண்டு. பெண்களுக்கு அந்த வால் இல்லாமல் கோட்டு தைத்தார்கள். அணிவகுப்பில் தூரத்திலிருந்தே யார் பெண் என்று தனியாகத் தெரிந்தது. வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காகவே இருக்கும் உடுப்பு இங்கே வித்தியாசத்தைக் காட்டும் உடுப்பாகிவிட்டது. அவர்களில் 62 பேர் 1980-இல் பட்டம் பெற்றார்கள்.

சிம்ரத்பால் சிங்கின் கதை அதற்கு நேர்மாறு. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன குடும்பம். 2006-இல் வெஸ்ட் பாயின்டில் இடம் கிடைக்கிறது. விதிப்படி தலைப்பாகை கூடாது, தாடி கூடாது. சேர்ந்த முதல் நாளே முடியை வெட்டி, தாடியை மழித்துக்கொண்டார். சீக்கியருக்கு அது என்ன என்று நமக்குத் தெரியும். மற்ற எல்லோரைப் போலவும் அவரும் சாம்பல் வரிசையில் நின்றார். 2010-இல் பட்டம், பிறகு ஆப்கானிஸ்தான், அங்கே செய்த சேவைக்கு வெண்கல நட்சத்திரம்.

அந்த விதியை எழுதியவருக்குச் சீக்கியர்மேல் பகை எதுவும் இருந்திருக்காது. அவர் மனக்கண்ணில் நின்ற சிப்பாய்க்குத் தலைப்பாகை இல்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான விதிதானே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதைப் பின்பற்ற ஒருவர் முடிதிருத்தகத்துக்குப் போய் வந்தால் போதும், இன்னொருவர் தன் தந்தையும் பாட்டனும் காத்த ஒன்றை விட வேண்டும். இருவருக்கும் விலை ஒன்றல்ல. 1816-இல் ஸ்விஃப்ட் போட்ட கணக்கும் இதுதான். இந்தத் துணியை யாரால் வாங்க முடியும், யாரால் முடியாது?

பல வருடங்கள் கழித்து, கேப்டன் ஆன பிறகு, சிம்ரத்பால் சிங் அனுமதி கேட்டார், வழக்கும் போட்டார். 2016-இல் நிரந்தர அனுமதி வந்தது. 2017 ஜனவரியில் ராணுவம் விதியையே மாற்றியது. அனுமதி கிடைத்த பிறகு எடுத்த புகைப்படங்களில் அவருடைய தலைப்பாகைத் துணியைக் கவனித்தேன். களச்சீருடையின் அதே புள்ளி போட்ட துணி. மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே அளவில், துல்லியமாகப் படிந்திருக்கின்றன. லீகூட அதில் ஒரு புள்ளி போட்டிருக்க முடியாது.